இறங்கியதும் நெட் வேண்டும்: பயண இ-சிம் வாங்குவது எப்படி

விமானம் தரையைத் தொட்டதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: போனை எடுத்து ஏர்பிளேன் மோடை அணைப்பது. அந்த நிமிடத்திலிருந்து தங்கும் அறைக்குப் போய்ச் சேரும் வரைக்குமான ஒன்றிரண்டு மணி நேரம்தான் புது ஊரில் நெட் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரம். எந்த வாசல் வழியாக வெளியேறுவது, எந்த ரயிலைப் பிடிப்பது, விடுதிக்காரர் அனுப்பிய கதவு எண் என்ன, வீட்டுக்கு 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று ஒரு செய்தி. இ-சிம் தேடும்போது மட்டும் இதெல்லாம் நினைவில் வருவதில்லை. எத்தனை ஜிபி, என்ன விலை என்று இரண்டை மட்டும் பார்த்துவிட்டுக் காசைக் கட்டிவிடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் வாங்கினேன். அந்தக் கதை கொஞ்சம் தள்ளி வருகிறது.

ஒரு நகரத்துக்குப் போய், சில நாள் தங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதற்கு முன் இ-சிம் பக்கமே போகாதவர் என்றால் வரிசையாகப் படியுங்கள்.

இ-சிம் என்பது இவ்வளவுதான்

போனுக்குள்ளேயே பதித்து வைத்த ஒரு சில்லு அது. பிளாஸ்டிக் சிம்மில் இருக்கிற அதே விவரங்கள் நெட் வழியாக அதற்குள் இறங்கும். உங்கள் சொந்த எண் அதன் இடத்திலேயே இருக்கும். டேட்டாவுக்கு மட்டும் பக்கத்தில் இன்னொரு லைன் சேரும். சிம் தட்டைத் திறக்க ஊசி தேடுவதும், கழற்றிய சின்னக் கார்டைப் பர்ஸில் போட்டுத் தொலைப்பதும் இனி இல்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமானவை. அதில் உங்களுக்கென்று போன் எண் எதுவும் வராது. வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போகிற ஊரில் ஏதாவது ஆப்பில் பதிவுசெய்ய உள்ளூர் எண் கட்டாயம் வேண்டும் என்றால் இந்த வகை இ-சிம் போதாது. அந்த ஊர் நிறுவனத்தின் சிம்மையே, பெரும்பாலும் பாஸ்போர்ட்டைக் காட்டி, வாங்க வேண்டியிருக்கும்.

காசு கட்டுவதற்கு முன் போனைப் பாருங்கள்

ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் மாடல்களிலிருந்து இ-சிம் இருக்கிறது. சாம்சங்கில் 2020-இன் கேலக்ஸி எஸ்20 வரிசையிலிருந்து பொதுவாக உண்டு. ஆனால் மாடல் பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே மாடல் ஒரு நாட்டில் ஒரு மாதிரியும், இன்னொரு நாட்டில் வேறு மாதிரியும் விற்கப்படுகிறது. சீனப் பெருநிலத்தில் விற்ற ஐபோன்கள் பலவற்றில் இ-சிம் கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு பிளாஸ்டிக் சிம் போடலாம். அமெரிக்காவிலோ 2022-இன் ஐபோன் 14 முதல் சிம் தட்டே இல்லை, இ-சிம் மட்டும்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்து கொடுத்த போன், பழைய போன் கடையில் வாங்கியது என்றால் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. டயல் செய்யும் இடத்தில் *#06# என்று அடியுங்கள். ஐஎம்இஐ எண்களோடு ஈஐடி என்ற 32 இலக்க எண்ணும் திரையில் வந்தால் உங்கள் போனில் இ-சிம் சில்லு இருக்கிறது.

அடுத்தது லாக். தவணைக்கோ ஒப்பந்தத்துக்கோ ஒரு நிறுவனத்திடம் வாங்கிய போன் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். அங்கே 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று போட்டிருந்தால் பூட்டு இல்லை. மற்ற போன்களில், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைச் சில நிமிடம் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். பூட்டிய போனுக்கு வாங்கிய இ-சிம் கட்டின காசுக்குக் கேடு.

இன்னொன்று இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் சொந்த எண்ணே இ-சிம்மில் இருக்கிறதா? அப்படியென்றால் ஒரே நேரத்தில் எத்தனை இ-சிம் இயங்கும் என்று பார்த்தாக வேண்டும். ஐபோன் 13-லிருந்து இரண்டு இ-சிம்கள் ஒன்றாக இயங்கும். அதற்கு முந்தைய ஐபோன்களில் எத்தனை இ-சிம்மைச் சேமித்து வைத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், கூட ஒரு பிளாஸ்டிக் சிம். அந்தப் போனில் பயண இ-சிம்மைப் போட்டால் சொந்த எண் தூங்கிவிடும். தூங்கிவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி வராது.

ஓடிபி வருமா?

நெட் இல்லாமல் அரை நாள் ஓட்டிவிடலாம். கார்டு எடுபடாமல் கல்லாவுக்கு முன்னால் நிற்பது அப்படி இல்லை. அதனால் பிளான்களைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் சொந்த நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். போகிற நாட்டில் என் எண்ணுக்கு ரோமிங் (வேறு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் என் சிம் வேலை செய்வது) உண்டா, அதை முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டுமா? எஸ்எம்எஸ் வாங்கக் கட்டணம் உண்டா? வருகிற அழைப்பை எடுத்தால் எவ்வளவு?

எஸ்எம்எஸ் வாங்குவது பல நிறுவனங்களில் இலவசம்தான். அழைப்பை எடுத்தால்தான் நிமிடக் கணக்கு ஓடும். ஆகவே சொந்த லைனை முழுதாக அணைக்காமல், அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வைப்பதுதான் என் வழக்கம். ஓடிபி வரும், அழைப்பு வந்தால் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் வரச் சொல்லி ஒரு செய்தி அனுப்பிவிடுவேன். வங்கி ஆப்பிலேயே ஒப்புதல் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் கிளம்புவதற்கு முன்பே அமைத்து வையுங்கள். அதற்கு நெட் போதும், எஸ்எம்எஸ் வேண்டாம்.

எத்தனை ஜிபி?

நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே தேவைப்படும், வீடியோ பார்க்காதவரை. வரைபடத்தில் வழி பார்ப்பது, செய்தி அனுப்புவது, டிக்கெட் எடுப்பது, மொழிபெயர்ப்பு ஆப்பில் பலகையைப் படிப்பது எல்லாம் எம்பி கணக்கில்தான் போகும். ஜிபி கணக்கில் தின்பது வீடியோ. ஹெச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 1 முதல் 3 ஜிபி வரை எடுக்கும். ரயிலில் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளுவதும் அதே கணக்குதான். எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேகத்தில் (கிளவுட்) தானாக ஏற்றும் வசதியை மொபைல் டேட்டாவிலும் அனுமதித்திருந்தால், நீங்கள் எதையும் தொடாமலேயே ஒரு மதியத்தில் ஜிபி கரைந்துவிடும்.

போன் செட்டிங்ஸில் போன மாத மொபைல் டேட்டாவைப் பார்த்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். அது அவ்வளவாக உதவாது. அந்தக் கணக்கில் பாதி நாள் நீங்கள் வீட்டு வைஃபையில் இருந்திருப்பீர்கள். ஊர் சுற்றும்போது பகல் முழுதும் தெருவில்தான். அதைவிட, கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் வைஃபையை அணைத்துவிட்டு வெளியே சுற்றுங்கள். இரவில் அந்த ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். தங்கும் நாட்களால் பெருக்கி, கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வீடியோ பார்க்காத ஒருவருக்கு, அறையில் வைஃபை இருந்தால், நான்கைந்து நாளுக்கு 3 முதல் 5 ஜிபி போதும் என்பது என் அனுபவம். லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டில் இணைத்து வேலை பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, இந்தத் தலைவலியே வேண்டாம், 'அன்லிமிடெட்' வாங்கிவிடலாமா? வாங்கலாம், ஆனால் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு. ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபி வரை முழு வேகம், அதற்கு மேல் வேகம் குறைக்கப்படும் என்று அங்கே இருக்கும். எவ்வளவுக்குக் குறைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். 1 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்தில் சுமார் 450 எம்பி இறங்கும். வரைபடம், வாட்ஸ்அப், குரல் அழைப்பு எல்லாம் நடக்கும். 512 கேபிபிஎஸ் என்றால் அதில் பாதி. பொறுமையாக இருந்தால் ஓட்டலாம். 128 கேபிபிஎஸ் என்றால் 3 எம்பி படம் ஒன்று வந்து சேரவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அது அன்லிமிடெட் இல்லை, அன்றைக்கு நெட் முடிந்தது என்று பொருள். குறைக்கப்பட்ட வேகம் எவ்வளவு என்றே போடாத பிளானை நான் வாங்குவதில்லை.

நாள் எப்போது தொடங்குகிறது?

இப்போது அந்தக் கதை. ஏழு நாள் பிளான் ஒன்று வாங்கினேன். முன்ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்ற பெருமையில் பயணத்துக்கு மூன்று நாள் முன்பே வீட்டில் உட்கார்ந்து போனில் ஏற்றிவிட்டேன். போய்ச் சேர்ந்த நாளில் நன்றாகவே வேலை செய்தது. நான்கு நாள் ஆனதும், ஊரின் மறுகோடியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் வைத்து நெட் நின்றுவிட்டது. டேட்டா பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நிறுவனத்தின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. போனில் ஏற்றிய நிமிடத்திலிருந்து ஏழு நாள் என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். படிக்காதது நான்.

ஆக, வேலிடிட்டி எங்கிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில் மூன்று வகை உண்டு. வாங்கிய நேரத்திலிருந்து, போனில் ஏற்றிய நேரத்திலிருந்து, போகிற நாட்டின் நெட்வொர்க்கைப் போன் முதன்முதலாகப் பிடித்த நேரத்திலிருந்து. மூன்றாவதுதான் நமக்கு வசதி. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே எடுங்கள் என்பேன். நிம்மதியாக வீட்டிலிருந்தே ஏற்றிவிடலாம். அதிலும் ஒரு கெடு இருக்கும், வாங்கி இத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று. பயணம் தள்ளிப்போக வாய்ப்பிருந்தால் அதையும் பாருங்கள்.

'ஒரு நாள்' என்றால் என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். சிலருக்கு அது 24 மணி நேரம். சிலருக்கு நள்ளிரவோடு முடிகிற காலண்டர் நாள். அந்த நள்ளிரவும் போன ஊரின் நள்ளிரவாக இல்லாமல் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தின்படி இருக்கலாம். இரவு பதினொரு மணிக்கு இறங்குகிறீர்கள், பிளான் உள்ளூர்க் காலண்டர் நாள் கணக்கு என்றால், ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் தீர்ந்தது.

எந்த நாடு, எந்த நெட்வொர்க்

ஒரே ஊர் என்றால் ஒரு நாட்டுப் பிளான் போதும். எல்லை ஓரத்து நகரங்களில் மட்டும் யோசியுங்கள். ஜெனீவாவில் டிராம் ஏறினால் பிரான்ஸுக்குள் போய்விடலாம். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் மலேசியா. ஹாங்காங்கும் சீனப் பெருநிலமும் பிளான் பட்டியல்களில் தனித்தனி இடங்கள். 'ஐரோப்பா' என்று தலைப்பு இருப்பதை வைத்து எல்லா நாடும் உண்டு என்று முடிவுகட்டாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் முதல் தனி ரோமிங் கட்டணம் இல்லை என்பதால் அந்த நாடுகள் பெரும்பாலும் ஒரே பிளானில் சேர்ந்து வரும். ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் சில பிளான்களில் விடுபட்டிருக்கும். நாடுகளின் பட்டியலைத் திறந்து, போகிற நாட்டின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வழியில் விமானம் மாற அரை நாள் நிற்கும் நாட்டையும் சேர்த்துத்தான்.

பயண இ-சிம் விற்பவர்களில் பலருக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது. அந்த ஊர் நிறுவனத்தின் நெட்வொர்க்கில்தான் ஓட்டுகிறார்கள். எந்த நெட்வொர்க் என்று பிளான் விவரத்தில் இருக்கும். ஒன்றுக்கு இரண்டு பெயர் இருந்தால் நல்லது; ஒன்று கிடைக்காத இடத்தில் இன்னொன்று பிடிக்கும். 5ஜி இருக்கிறதா என்பதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. ஊர் சுற்ற நல்ல 4ஜி தாராளம். சுரங்க ரயில்தான் உண்மையான சோதனை. அதிலேயே நாள் முழுதும் போகப்போகிறீர்கள் என்றால் அந்த ஊருக்குப் போய்வந்தவர்களிடம் எந்த நெட்வொர்க் கீழேயும் கிடைத்தது என்று கேளுங்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. நீங்கள் ஒரு நாட்டில் நின்றுகொண்டிருப்பீர்கள். உங்கள் டேட்டாவோ வேறொரு நாட்டின் வழியாக இன்டர்நெட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். இ-சிம்முக்குச் சொந்தமான நிறுவனம் இருக்கும் நாட்டுக்கு டேட்டா போய், அங்கிருந்து வெளியேறுவதால் இப்படி. கடைத் தளங்கள் சம்பந்தமில்லாத மொழியில் திறப்பதும், வங்கி ஆப் சந்தேகப்பட்டு மறுபடி சரிபார்க்கச் சொல்வதும், அழைப்பில் குரல் சற்றுத் தாமதமாக வருவதும் இதனால்தான். இதுவே சீனப் பெருநிலத்தில் வரமாகிவிடுகிறது. அங்கே விடுதி வைஃபையில் திறக்காத கூகுளும் வாட்ஸ்அப்பும், டேட்டா வெளிநாட்டில் போய் வெளியேறும் இ-சிம்மில் பொதுவாகத் திறக்கும்.

மற்றவை சுருக்கமாக: ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா, டேட்டா தீர்ந்தால் அதே இ-சிம்மில் டாப்-அப் செய்யலாமா, போனில் ஏற்றாத இ-சிம்முக்குப் பணம் திரும்புமா. இந்த மூன்றுக்கும் ஆம் என்று இருந்தால் வாங்கிவிடலாம்.

வீட்டிலேயே ஏற்றிவிடுங்கள்

விமான நிலையத்தில் இலவச வைஃபை இருக்குமே, அங்கே போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த வைஃபை சில இடங்களில் எஸ்எம்எஸ் வழியாகக் குறியீடு அனுப்பித்தான் உள்ளே விடும். நெட் வாங்க நெட் வேண்டும் என்ற கதைதான். போனில் ஏற்றியதும் நாள் ஓடத் தொடங்கும் பிளான் என்றால்கூட, கிளம்புகிற அன்று வீட்டு வைஃபையில் வைத்து ஏற்றிவிடுங்கள்.

இ-சிம்மைப் போனில் ஏற்றுவதற்கான கியூஆர் கோடு மின்னஞ்சலில் வரும். அதே போனில் வந்த கோடை அதே போனின் கேமராவால் எப்படிப் பிடிப்பது? வேறொரு திரையில் திறக்கலாம், தாளில் அச்சிடலாம். ஐஓஎஸ் 17.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள ஐபோனில் அந்தப் படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே இ-சிம் சேர்க்கவா என்று கேட்கும். எதுவும் ஒத்துவராவிட்டால், கூடவே அனுப்பியிருக்கும் சர்வர் முகவரியையும் ஆக்டிவேஷன் கோடையும் கையால் தட்டச்சு செய்யலாம். ஏறி முடியும்வரை வைஃபையை அணைக்காதீர்கள். அந்தக் கோடு பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் செல்லும்.

ஏற்றி முடிந்ததும் புது லைனுக்குப் 'பயணம்' என்று பெயர் வையுங்கள். பிற்பாடு குழப்பத்தில் 'செகண்டரி' எது 'பிரைமரி' எது என்று விழிக்க வேண்டியிருக்காது. அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் சொந்த லைனே இருக்கட்டும். சொந்த லைனில் டேட்டா ரோமிங்கை அணையுங்கள். பயண லைனில் டேட்டா ரோமிங்கை இயக்குங்கள். இங்கேதான் பலரும் தயங்குகிறார்கள், ரோமிங் என்றாலே பில் எகிறும் என்ற பழைய பயம். பயண இ-சிம் வேறொரு நாட்டு நிறுவனத்துடையதாக இருப்பதால் அதற்கு ரோமிங் தேவை. முன்பணம் கட்டிய பிளானைத் தாண்டி அதில் பில் வராது. ஐபோனில் 'அலௌ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்ற பொத்தானையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பயண லைன் பலவீனமான இடத்தில் போன் தானாகச் சொந்த லைன் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும்.

இறங்கும் நேரம் வரை பயண லைனை அணைத்தே வைக்கலாம். ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், விடுதி முகவரியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், படங்கள் தானாக மேகத்தில் ஏறுவதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

இறங்கியதும்

பயண லைனை இயக்கி, மொபைல் டேட்டாவுக்கு அந்த லைனைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிடத்தில் நெட் வந்துவிடும். வரவில்லை என்றால் பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

1. டேட்டா பயண லைனில்தான் இருக்கிறதா, அதன் ரோமிங் இயங்குகிறதா? பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும்.
2. ஏர்பிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள்.
3. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, பிளானில் சொன்ன பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள்.
4. ஏபிஎன் (போன் எந்த வழியாக நெட்டுக்குள் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) என்ற இடத்தில், மின்னஞ்சலில் வந்த சொல் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் கோடு இருந்தும் நெட் வராததற்கு இதுவே வழக்கமான காரணம்.
5. போனை அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள்.

எது செய்தாலும் இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கோடு மறுபடி செல்லாமல் போனால் புதிதாக வாங்குவதுதான் வழி. இந்த ஐந்தும் கைகொடுக்காவிட்டால் ஏதாவது ஒரு வைஃபையைப் பிடித்து, விற்றவர்களின் உதவி சாட்டில் கேளுங்கள். எப்போது கேட்டாலும் பதில் சொல்கிற சாட் இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்து வைப்பது இதற்காகத்தான்.

திரும்பும்போது

விமானம் ஏறியதும் பயண லைனை அணைத்துவிடுங்கள். வீடு வந்து இறங்கியதும் மொபைல் டேட்டாவைச் சொந்த லைனுக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு, சொந்த ஊரில் நெட் வரவில்லையே என்று நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தவர்கள் உண்டு. அதே ஊருக்கு மறுபடி போகப்போகிறீர்கள், அதில் டாப்-அப் செய்யலாம் என்றால் இ-சிம் அப்படியே இருக்கட்டும், இடத்தை அடைக்காது. இல்லையென்றால் அழித்துவிடலாம். அழிக்கும்போது பெயரை இரண்டு தடவை பாருங்கள். பட்டியலில் பக்கத்து வரியிலேயே உங்கள் சொந்த எண்ணும் இருக்கும்.